ஜப்பானிய இரட்டையர் பாடல்கள்: எங்கிருந்து தொடங்குவது, எதைக் கேட்பது

அனிமே என்னும் ஜப்பானிய அசைபடத் தொடர் ஒன்றைப் பார்த்து முடித்த பிறகு, அதன் தொடக்கப் பாடல் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்க, பாடியது யார் என்று தேடிப் போகிறவர்கள் அடிக்கடி இரண்டே பேரிடம் போய்ச் சேருகிறார்கள். ‘ஓஷி நோ கோ’ தொடரின் ‘ஐடல்’ யோவாசோபி என்ற இருவருடையது. ‘மாஷ்லே’ இரண்டாம் பருவத்தின் ‘பிளிங்-பாங்-பாங்-போர்ன்’ கிரீப்பி நட்ஸ் என்ற இருவருடையது. ‘ஃப்ரீரென்’ தொடரின் முதல் தொடக்கப் பாடல் யோவாசோபியுடையது. இரண்டாவதைச் செய்த யோருஷிகாவும் இருவர்தான். இன்னும் பின்னால் போனால் 1990களின் தொலைக்காட்சி நாடகப் பாடல்கள், 1970களின் நடனப் பாடல்கள், 1960களின் இரட்டைச் சகோதரிகள் என்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வரிசை அறுபடாமல் வருகிறது.

ஜப்பானிய மொழி தெரியாத, ஒன்றிரண்டு பாடல்களை மட்டும் கேட்டிருக்கிற ஒருவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இருவர் குழுவில் பாடுகிறவர் தாமாகவே காதில் விழுந்துவிடுவார். அவருக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொருவர் என்ன செய்கிறார் என்று கவனிக்கப் பழகிய பிறகு, அதே பாடல் வேறு பாடலாகக் கேட்கத் தொடங்கும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்த இன்னொருவரைக் கண்டுபிடிப்பதற்காகத்தான்.

முதல் படி: ஒரே ஒரு பாடலை முழுதாகக் கேளுங்கள்

நூறு பாடல்கள் கொண்ட தொகுப்பை ஓடவிட்டு வேறு வேலை பார்ப்பது இந்த இசைக்குள் நுழையும் வழியாகாது. மொழி புரியாத நிலையில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றி, ஒரு வாரத்தில் சலித்துவிடும். ஒரு பாடலை எடுத்துக்கொண்டு, அதோடு சில நாட்கள் இருங்கள்.

நான் பரிந்துரைப்பது ‘யோரு நி காகேரு’. 2019 டிசம்பரில் வெளிவந்த யோவாசோபியின் முதல் பாடல் இது. பாடல்களைத் தரவரிசைப்படுத்தும் பில்போர்டு ஜப்பானின் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. எழுதி இசையமைத்தவர் அயாசே. பாடியவர் இகுரா. முன்னிசை எதுவும் இல்லாமல் குரல்தான் முதலில் வரும். சில நொடிகள் கழித்துப் பியானோ துள்ளிக்கொண்டு உள்ளே நுழையும். அந்தப் பியானோவைப் பிடித்துக்கொள்ளுங்கள். பாடல் முழுவதும் அது குரலோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடும்.

அயாசே, வோக்கலாய்டு என்னும் கணினிக் குரல் மென்பொருளுக்குப் பாடல்கள் செய்து வந்தவர். கணினிக்கு மூச்சு வாங்க வேண்டியதில்லை. அதனால் அந்த மரபில் வரும் மெட்டுகள் இடைவெளியின்றிப் பாயும். சொற்கள் நெருக்கமாக விழும். கீழ்ச் சுரத்திலிருந்து மேலே சட்டென்று தாவும். அப்படிப்பட்ட மெட்டை ஒரு மனிதக் குரல், அதுவும் சிரமமே தெரியாமல் பாடுகிறது என்பதில்தான் யோவாசோபியின் கவர்ச்சி இருக்கிறது. இகுரா எங்கே மூச்சு எடுக்கிறார் என்று மட்டும் ஒரு முறை கவனித்துக் கேட்டுப் பாருங்கள். அயாசே எவ்வளவு கடினமான காரியத்தை அவரிடம் கொடுத்திருக்கிறார் என்பது விளங்கும். பாடல் முடியப்போகும் நேரத்தில் சுருதியும் இடம் மாறும். அங்கும் அந்தக் குரல் தடுமாறுவதில்லை.

அடுத்து, ‘தி ஃபர்ஸ்ட் டேக்’ என்ற யூடியூப் சேனலில் 2020இல் இகுரா வீட்டிலிருந்தபடியே பாடிய வடிவத்தைக் கேளுங்கள். கலைஞர்கள் ஒலிவாங்கியின் முன் நின்று ஒரே டேக்கில் பாடுவதுதான் அந்தச் சேனலின் விதி. மூல வடிவத்தையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், இந்தப் பாடலில் குரலின் பங்கு எது, அயாசேயின் பங்கு எது என்று காது தானாகவே பிரித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். யோவாசோபியின் பாடல்கள் சிறுகதைகளிலிருந்து பிறப்பவை. சோனி மியூசிக் நடத்தும் ‘மோனோகதரி’ தளத்தில் மாயோ ஹோஷினோ எழுதிய சிறுகதைதான் இந்தப் பாடலின் மூலம். அது தற்கொலை எண்ணத்தைச் சுற்றி நடக்கும் கதை. துள்ளும் பியானோவுக்கும் இருண்ட கதைக்கும் நடுவிலுள்ள முரண்தான் பாடலின் உயிர் என்றாலும், மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் கதையைத் தேடிப் படிக்காதீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் ‘குன்ஜோ’வைக் கேளுங்கள். ஓவியம் வரையத் துணியும் ஒரு மாணவனைப் பற்றிய ‘ப்ளூ பீரியட்’ என்ற மங்காவிலிருந்து, அதாவது ஜப்பானியப் படக்கதையிலிருந்து, பிறந்த பாடல் அது. பலர் சேர்ந்து பாடும் கூட்டுக் குரல் அதில் எழும்பி வரும்போது கேட்கிறவருக்கும் நெஞ்சு நிமிரும்.

இரண்டாம் படி: சரியான பாடலைத் தேடிப் பிடியுங்கள்

இது சின்ன விஷயமாகத் தெரிந்தாலும் புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான். ‘சகுரா’ என்று தேடினால் டஜன் கணக்கில் பாடல்கள் வரும். செர்ரி மலர் பூக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் ஜப்பானில் பள்ளி முடிந்து பிரியும் காலமும் புதிய வேலையில் சேரும் காலமும். அதனால் அந்தத் தலைப்பில் பாடாதவர்களே குறைவு. கோபுகுரோ இணையின் ‘சகுரா’ 2005இல் வெளியானது. குழுவின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் அது கிடைக்கும்.

ஸ்ட்ரீமிங் செயலிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பழைய வெற்றிப் பாடல்களைத் தேடும்போது வேறு யாரோ பாடிய மறுபதிவும், இசைப்பெட்டி வடிவமும், கூடப் பாடுவதற்காகக் குரல் நீக்கிய கரோக்கே வடிவமும் முதலில் வந்து நிற்கும். பாடல் பெயருக்குக் கீழே கலைஞரின் பெயரைப் பார்த்த பிறகு தட்டுங்கள். குழுவின் அதிகாரபூர்வப் பக்கத்துக்குப் போய், அங்கிருந்து ஜப்பானிய எழுத்தில் உள்ள பெயரை நகலெடுத்துத் தேடுவது இன்னும் நல்லது. ரோமன் எழுத்தில் ஒரே பெயரை நான்கு விதமாக எழுதுகிறார்கள். ஜப்பானிய எழுத்தில் அந்தக் குழப்பம் பெரும்பாலும் இல்லை.

தேடியது கிடைக்கவில்லை என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். ஜப்பானில் குறுந்தட்டு விற்பனை நீண்ட காலம் வலுவாக இருந்ததால் மூத்த கலைஞர்கள் பலர் ஸ்ட்ரீமிங்குக்குத் தாமதமாகவே வந்தார்கள். பீஸ் இணையின் பாடல்கள் 2021இல்தான் வந்தன. யூடியூபில் முதல் ஒன்றரை நிமிடத்தோடு நின்றுபோகும் சுருக்க வடிவங்களும் நிறைய உள்ளன. அனிமேயில் வருவதும் ஏறத்தாழ ஒன்றரை நிமிட வடிவமே. அதை ‘டிவி சைஸ்’ என்பார்கள். இவற்றை மட்டும் கேட்டுவிட்டுப் பாடலை எடைபோடாதீர்கள். சிறந்த இடம் பெரும்பாலும் மூன்றாம் நிமிடத்துக்குப் பிறகே வரும்.

மூன்றாம் படி: பாடலின் அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஜப்பானிய வெகுஜனப் பாடலுக்கு ஏறக்குறைய நிலைத்துவிட்ட ஓர் ஓட்டம் இருக்கிறது. முதலில் அடங்கிய குரலில் ஏ-மெலோ. அடுத்து, எதற்கோ ஆயத்தமாவது போன்ற பி-மெலோ. அதன் பிறகு மெட்டு முழுதாகத் திறக்கும் ஸபி. ரசிகர்களும் இசைக்கலைஞர்களும் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். இந்த ஓட்டம் இரண்டு முறை வந்த பிறகு புதிய மெட்டோடு ஓர் இடைப்பகுதி வரும். அதையடுத்து வாத்தியங்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஸபியைக் குரல் தனியாக மெல்லப் பாடுவதும் உண்டு. இதற்கு ‘ஓச்சி-ஸபி’ என்று பெயர். பிறகு எல்லாம் சேர்ந்து திரும்பி வரும்.

இருவர் குழுவில் ஓச்சி-ஸபி மிக முக்கியமான இடம். அங்கே மிஞ்சுவது எது என்று பாருங்கள். பியானோ மட்டுமா, கிட்டார் மட்டுமா, இரண்டாவது குரலா? எது மிஞ்சுகிறதோ அது அந்தக் குழுவின் அடித்தளம்.

‘ஐடல்’ இந்த அமைப்பை நெருக்கிப் பிடித்து ஆட்டிவைக்கும் பாடல். 2023 ஏப்ரலில் வெளியாகி, பில்போர்டு ஜப்பான் பட்டியலில் தொடர்ந்து 21 வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலகப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் ஜப்பானிய மொழிப் பாடலும் இதுதான். தேவாலயக் கூட்டிசை போன்ற கோஷ்டிக் குரல், இகுராவின் ராப், நேரடி நிகழ்ச்சிகளில் ரசிகர்கள் எழுப்பும் கூச்சல், இனிக்கும் ஸபி என்று சில நொடிகளுக்கு ஒரு முறை அறை மாறிக்கொண்டே போகும். கேட்பவர், ஒரு நட்சத்திரப் பெண்ணை முதலில் ரசிகர்களின் கண்ணாலும், பிறகு பொறாமைப்படும் சக பாடகிகளின் கண்ணாலும், கடைசியில் அவளுடைய கண்ணாலும் பார்க்கிறார். ஒரே பாடகி மூன்று ஆட்களாக மாறுவதற்குப் பின்னணி இசை எப்படி உடை மாற்றிக் கொடுக்கிறது என்பதே கவனிக்க வேண்டியது.

நான்காம் படி: யார் என்ன செய்கிறார் என்று பிரித்துக் கேளுங்கள்

இருவர் குழுக்கள் எல்லாம் ஒரே மாதிரி வேலையைப் பிரித்துக்கொள்வதில்லை. யோவாசோபி, யோருஷிகா போன்றவற்றில் ஒருவர் ஆக்குகிறார், ஒருவர் பாடுகிறார். யோருஷிகாவில் எழுதி இசையமைத்துக் கிட்டார் வாசிப்பவர் நபுனா. பாடுபவர் சுயிஸ். இருவரும் முகம் காட்டுவதில்லை. அதனால் கேட்கிறவருக்குக் கதைதான் முன்னால் நிற்கும். 2018இல் வந்த ‘தாதா கிமி நி ஹாரே’வில் தொடங்குங்கள். கோடைக்கால நினைவு, பளிச்சென்ற கிட்டார், கைதட்டல் என்று உடனே பிடித்துப்போகும் பாடல் அது. பிடித்துவிட்டால் 2019இல் வந்த இரண்டு ஆல்பங்களையும் வரிசை மாறாமல் கேளுங்கள். முதலாவது ‘தாகாரா போகு வா ஓங்காகு ஓ யாமேதா’. இசையைக் கைவிட்ட ஏமி என்ற இளைஞன் சுவீடனில் அலைந்தபடி எல்மா என்ற பெண்ணுக்கு எழுதியவை அதிலுள்ள பாடல்கள். அடுத்த ஆல்பமான ‘எல்மா’ அந்தப் பெண்ணின் பதில். முதல் ஆல்பத்தின் சிறப்புப் பதிப்பில் ஏமியின் கடிதங்களையும், இரண்டாவதில் எல்மாவின் நாட்குறிப்பையும் அச்சிட்டே கொடுத்தார்கள். பாடல்களைக் கலைத்துப் போட்டு ஓடவிட்டால் இவ்வளவும் வீணாகிவிடும்.

இரண்டாவது வகையில் குரல் ஒருவருடையது, வாத்தியம் இன்னொருவருடையது. பீஸ் இதில் மலை போன்றவர்கள். 1988இல் அறிமுகமான இந்த இணையில் கிட்டார் டாக் மாட்சுமோட்டோ, குரல் கோஷி இனாபா. இசைத்தட்டு விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் நிறுவனத்தின் கணக்குப்படி ஜப்பானில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள் விற்ற கலைஞர்கள் இவர்கள். ‘லவ் ஃபாண்டம்’ (1995) பாடலில் ஒரு நிமிடத்துக்கும் மேல் நீளும் ஆர்கெஸ்ட்ரா முன்னிசை இருக்கிறது. தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தக் காத்திருப்பு இருந்தால்தான் கிட்டார் வெடிக்கும்போது உடல் சிலிர்க்கும். டாக் மாட்சுமோட்டோ, அமெரிக்க கிட்டார் கலைஞர் லாரி கார்ல்டனோடு சேர்ந்து செய்த ஆல்பத்துக்காக 2011இல் கிராமி பெற்றவர். பாட்டு நின்று கிட்டார் மட்டும் பேசும் இடங்களில் அவருடைய விரல்களைப் பின்தொடருங்கள்.

இதே வகையில் நேரெதிர்த் துருவத்தில் இருப்பவர்கள் சுகிமா ஸ்விட்ச். குரல் தாகுயா ஓஹாஷி, பியானோ ஷிந்தாரோ தொகிதா. 2004இல் வந்த ‘கானாதே’வைக் கட்டாயம் கேளுங்கள். ரயில் நிலைய டிக்கெட் வாயிலின் முன் இருவர் கை பிடித்து நிற்கிறார்கள். ஒருத்தி அந்த ஊரை விட்டுப் போகிறாள். பாடலில் நடப்பது அவ்வளவுதான். ஆனால் பியானோ, பாடுகிறவன் சொல்லத் தயங்குவதையெல்லாம் அவனுக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. ஓகினாவாவின் யோமிதான் கிராமத்திலிருந்து வந்த கிரோரோவும் இப்படித்தான். சிஹாரு தமாஷிரோ பாட, அயானோ கின்ஜோ பியானோ வாசிக்கிறார். 1998இல் வந்த ‘நாகாய் ஆய்தா’, ‘மிராய் எ’ இரண்டும் அலங்காரமே இல்லாத பாடல்கள். தைவான் பாடகி ரெனே லியூ இந்த இரண்டையும் சீன மொழியில் பாடி அங்கேயும் பெரும் புகழ் பெற்றார்.

கிரீப்பி நட்ஸ் இந்த வகையின் இன்றைய முகம். ஆர்-ஷிதேய் ராப் பாடுகிறார். டிஜே மாட்சுநாகா இசைத்தட்டைக் கையாள்கிறார். இருவருமே போட்டிகளில் முளைத்தவர்கள். முதலாமவர் யூஎம்பி என்ற ராப் போட்டியில் 2012 முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் ஜப்பான் முழுவதற்கும் முதலிடம் வென்றார். இரண்டாமவர் 2019இல் டிஎம்சி உலக டிஜே போட்டியில் வென்றார். ‘பிளிங்-பாங்-பாங்-போர்ன்’ 2024ஆம் ஆண்டு பில்போர்டு ஜப்பான் பட்டியலில் முதலிடம் பெற்றது. அதன் துடிக்கும் தாளம் அமெரிக்காவின் ஜெர்சி கிளப் பாணியைச் சேர்ந்தது. ஒரு முறை சொற்களை மறந்துவிட்டு அடிநாதத்தையும் உதைபடும் முரசையும் மட்டும் கேளுங்கள். ராப்பின் வேகத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. இரண்டு குரல்கள், ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் வகை. முதன்மைக் குரலுக்கு மேலோ கீழோ ஒட்டி ஓடும் இரண்டாம் குரலை ஜப்பானில் ‘ஹமோரி’ என்கிறார்கள். அதைக் காது பிடிக்கப் பழக வேண்டும்.

யூஸு இணையில் தொடங்குங்கள். யூஜின் கிதாகாவா, கோஜி இவாசாவா இருவரும் யோகோஹாமாவின் இசெஸாகிச்சோ கடைத்தெருவில், கடைகள் அடைத்த பிறகு ஒரு பல்பொருள் அங்காடியின் முன் நின்று பாடியவர்கள். 1998 ஆகஸ்ட் இறுதியில், புயல் மழையில் நடந்த அவர்களுடைய கடைசித் தெருக் கச்சேரிக்கு ஏறத்தாழ 7,500 பேர் திரண்டார்கள். அந்தக் கோடையில் வந்த ‘நாட்சுயிரோ’வைக் கேளுங்கள். காதலியைச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு, நீண்ட சரிவில் பிரேக்கை இறுகப் பிடித்தபடி மெல்ல மெல்ல இறங்கும் ஒரு பையனின் பாடல். ஸபியில் இவாசாவாவின் மெல்லிய உயர்ந்த குரல் மேலே மிதந்து வரும். அந்தக் குரலை மட்டும் ஒரு முறை கடைசி வரை பின்தொடர்ந்து முணுமுணுத்துப் பாருங்கள். தொடக்கத்தில் காது முதன்மை மெட்டுக்கே வழுக்கிப் போகும். சில முறை கேட்டால் பிடி கிடைத்துவிடும். அதே இணையின் ‘எய்கோ நோ காகேஹாஷி’ 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஒளிபரப்புக்காக ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே பயன்படுத்திய பாடல். ஜப்பானிய ஆண்கள் ஜிம்னாஸ்டிக்ஸ் அணி தங்கம் வென்ற கணத்தில் வர்ணனையாளர் இந்தப் பாடலின் தலைப்பைத் தம் வாக்கியத்தில் கோத்துச் சொன்னதை ஜப்பானில் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

கோபுகுரோவில் இந்தப் பிரிவு இன்னும் துலக்கமானது. ஷுன்சுகே குரோதாவின் கனத்த குரல் தரையில் நடக்கும். கென்தாரோ கோபுச்சியின் குரல் மேலே பறக்கும். ‘ட்சுபோமி’ 2007இல் ஜப்பான் ரெக்கார்டு விருது பெற்ற பாடல். பதினெட்டு வயதில் தாயை இழந்த கோபுச்சி, அம்மாவை நினைத்து எழுதியது. எழுதியவர் அவர். ஆனால் முதன்மையாகப் பாடும் பொறுப்பு நண்பருடையது. தன் துக்கத்தைத் தோழனின் குரலில் ஒலிக்கவிட்டு, தான் ஹமோரியாகப் பக்கத்தில் நிற்கிறார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டால், மேலே ஒலிக்கும் அந்த இரண்டாம் குரலைப் பின்னணி என்று உங்களால் நினைக்கவே முடியாது.

ஐந்தாம் படி: வரிகளுக்குள் போங்கள்

தமிழ் தெரிந்தவருக்கு ஜப்பானியப் பாடல் வரிகள் எதிர்பாராத அளவுக்கு வசப்படும். ஜப்பானிய உயிரெழுத்துகள் அ, இ, உ, எ, ஒ என்ற ஐந்துதான். வரிசையும் இதே வரிசை. பௌத்தத் துறவிகள் வழியே இந்திய எழுத்து மரபைக் கற்றதன் தடம் அதில் இருக்கிறது. குறில், நெடில் வேறுபாடும் உண்டு. ஒன்றை மற்றொன்றாக உச்சரித்தால் பொருளே மாறும். வினைச்சொல் கடைசியில் வருவதும் நம் வாக்கியம் போலவே. ஆங்கிலத் துணைவரிகளில் முதலிலேயே வந்துவிடும் வினை, பாடலில் வரியின் இறுதியில்தான் விழும். ‘போகமாட்டேன்’ என்பதன் மறுப்பு கடைசி அசையில் வெளிப்படும்போது மெட்டும் அங்கேதான் திரும்பும். இந்த இன்பத்தைத் தமிழ்க் காது எளிதில் உணரும்.

செய்ய வேண்டியது இது. ரோமன் எழுத்தில் வரிகளை எடுத்து, ஸபியை மட்டும் தமிழில் எழுதுங்கள். நெடிலை நெடிலாகவே குறியுங்கள். சொல் நடுவில் வரும் ‘ன்’ ஒலிக்குத் தனி அடையாளம் போடுங்கள். ஜப்பானியப் பாட்டில் அந்த மெய்யெழுத்துக்கும் தனியாக ஒரு சுரம் கிடைக்கும். ‘ஓங்காகு’ என்ற சொல்லை ஒ, ன், க, கு என்று நான்கு அடிகளாகப் பாடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் கூடப் பாடினால் ஒவ்வொரு வரியிலும் நீங்கள் முன்னால் ஓடிவிடுவீர்கள். யோவாசோபி தம் பாடல்கள் பலவற்றை ஆங்கிலத்திலும் பாடி வெளியிட்டிருக்கிறார்கள். பொருளைப் பிடிக்க அவை உதவும். ஆனால் மூல ஒலியோடு ஒத்துப்போகும்படி ஆங்கிலச் சொற்களைத் தேர்ந்திருப்பதால், அவற்றை வரிக்கு வரி மொழிபெயர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: பின்னோக்கிப் போங்கள்

இன்றைய பாடல்கள் பிடித்த பிறகு பழையவற்றுக்குப் போவதே நல்லது. முதலில் 1991இன் ‘சே யெஸ்’. ஃபுகுவோகாவைச் சேர்ந்த சாகே அண்டு ஆஸ்கா பாடிய இது, ‘101ஆவது திருமண வேண்டுகோள்’ என்ற பொருள்படும் தொலைக்காட்சி நாடகத்தின் பாடல். ஓரிகான் பட்டியலில் தொடர்ந்து 13 வாரம் முதலிடத்தில் இருந்தது. நாடகம், விளம்பரம், அனிமே ஆகியவற்றோடு பாடலைச் சேர்த்து வெளியிடும் முறையை ‘டை-அப்’ என்கிறார்கள். ஜப்பானிய வெற்றிப் பாடல்களில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவை. இங்கும் ஆஸ்காவின் கனிந்த குரலுக்கு மேல் சாகேயின் ஹமோரி ஓடுவதைக் கேளுங்கள்.

கின்கி கிட்ஸின் ‘கராசு நோ ஷோனென்’ (1997), தாட்சுரோ யாமாஷிதா இசையமைத்த சோகமான மெட்டு. இருவருடைய குடும்பப் பெயரும் தோமோட்டோதான் என்றாலும் உறவினர்கள் அல்லர். பஃபியின் ‘ஆசியா நோ ஜுன்ஷின்’ (1996) முற்றிலும் வேறு உலகம். அமி, யூமி இருவரும் பெரும்பாலும் ஒரே சுருதியில், தோழிகள் சேர்ந்து பாடுவது போலச் சாவதானமாகப் பாடுவார்கள். பொருள் தேடாதீர்கள். ஊர்ப் பெயர்களும் ஒலிகளும் விளையாடும் பாடல் அது. மேலே சொன்ன மூன்று வகைகளில் எதிலும் இது அடங்காது. அதனாலேயே கேட்க வேண்டும்.

1982இல் இரண்டு மாணவிகள் அமிங் என்ற பெயரில் பாடிய ‘மாட்சு வா’ அந்த ஆண்டின் விற்பனையில் முதலிடம் பெற்றது. அதற்கு முன் 1976இல் தோன்றிய பிங்க் லேடி. பாடலாசிரியர் யூ ஆகு, இசையமைப்பாளர் ஷுனிச்சி தோகுரா ஆகியோரின் கைவண்ணத்தில் ‘யூஎஃப்ஓ’ 1978இன் ஜப்பான் ரெக்கார்டு விருதைப் பெற்றது. இதை மட்டும் காணொளியாகவே பாருங்கள். மீ, கேய் இருவரின் கையசைவுகளும் பாடலின் பாதி. அவற்றை அன்றைய பள்ளிக் குழந்தைகள் நாடெங்கும் பயின்றார்கள்.

வரிசையின் தலையில் நிற்பவர்கள் தி பீனட்ஸ். எமி, யூமி என்ற ஒத்த உருவ இரட்டைச் சகோதரிகள். 1959இல் அறிமுகமாகி 1975இல் ஓய்வு பெற்றார்கள். 1961இன் ‘மோத்ரா’ திரைப்படத்தில் குட்டித் தேவதைகளாக வந்து பூதாகரமான அந்துப்பூச்சியைப் பாடி அழைத்தவர்கள் இவர்களே. 1963இன் ‘கோய் நோ வகான்சு’ சோவியத் ஒன்றியத்தில் ரஷ்ய மொழியில் பாடப்பட்டு அங்கும் வீடுவீடாக ஒலித்தது. உடன்பிறந்த குரல்கள் என்பதால் எது எவருடையது என்று பிரிக்கவே முடியாது. நான்காம் படியில் பழகிய காதுக்கு இதைவிடக் கடினமான, இதைவிட இனிமையான பயிற்சி வேறில்லை.

பாடல் வரியே வேண்டாம் என்று தோன்றும் நாளில், ஹொக்காய்டோவின் யோஷிதா சகோதரர்கள் வாசிக்கும் ட்சுகாரு ஷமிசேன் என்ற மூன்று தந்தி வாத்தியத்தையும், கோபே நகரத்து தெபபேபேயின் இரட்டைக் கிட்டாரையும் கேளுங்கள்.

ஏழாம் படி: வாய்விட்டுப் பாடுங்கள்

கரோக்கே பிறந்த நாட்டின் பாடல்களைக் காதால் மட்டும் கேட்பது போதாது. ஜப்பானில் வெளியாகும் சிங்கிள் தட்டுகள் பலவற்றில் குரல் நீக்கிய வடிவத்தையும் சேர்த்தே தருவார்கள். பயிற்சிக்கு அது சிறந்தது. யோவாசோபியில் தொடங்க வேண்டாம். தொண்டை கட்டிக்கொள்ளும். கிரோரோவின் ‘மிராய் எ’ நிதானமானது, வீச்சு குறைந்தது. அதில் தொடங்கி ‘கானாதே’, பிறகு ‘நாட்சுயிரோ’ என்று ஏறுங்கள். நண்பர் ஒருவர் இருந்தால் முதன்மைக் குரலை அவருக்குக் கொடுத்துவிட்டு ஹமோரியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கடினம்தான். காதை ஒரு கையால் மூடிக்கொண்டு உங்கள் குரலை உள்ளே கேட்டுப் பாடுவது ஓரளவு கைகொடுக்கும்.

நேரடி நிகழ்ச்சிக்குப் போகும் வாய்ப்பு அமைந்தால், ஜப்பானில் பெரிய கச்சேரிகளின் டிக்கெட் பெரும்பாலும் குலுக்கல் முறையில்தான் கிடைக்கும். மாதங்களுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். ரசிகர் மன்ற உறுப்பினர்களுக்கு முன்னுரிமை உண்டு. கைப்பேசியை எடுத்துப் படம் பிடிப்பதற்குப் பல இடங்களில் அனுமதியில்லை. நுழைவதற்கு முன் அறிவிப்பைப் பாருங்கள். பாடலுக்கு இடையே ரசிகர்கள் எழுப்பும் குரல்களையும் பதிவு செய்யப்பட்ட கச்சேரிகளைப் பார்த்து முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். பீஸின் ‘அல்ட்ரா சோல்’ பாடலில் தலைப்பைப் பாடி முடித்த மறுகணம் அரங்கமே ‘ஹை’ என்று குதிக்கும். யூஸுவின் கச்சேரியில் ‘நாட்சுயிரோ’ முடிந்தவுடன் இருக்கையில் அமர்ந்துவிட வேண்டாம். ‘மோ இக்காய்’, இன்னொரு முறை என்று கூட்டம் கத்தும். கிதாகாவா செல்லமாகத் திட்டிவிட்டு ஸபியை மறுபடியும் தொடங்குவார்.